கதவை மட்டும் தொட விடவில்லை

அன்புள்ள ராஜா,

முழங்கால் அறுவைக்குப் பிறகு இப்போது மாடி ஏறுகிறாய் என்று எழுதியிருந்தாய். ஏறு, ஆனால் இரண்டிரண்டு படியாகத் தாவாதே. உன்னைத் தெரிந்ததால்தான் சொல்கிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவள் வேலையை விட்டுவிட்டு மறுபடி படிக்கப் போகிறேன் என்கிறாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "வண்டி வந்துவிட்டது என்றாய், ஒரு போட்டோகூட அனுப்பவில்லையே, என்ன சங்கதி?" என்று கேட்டிருந்தாய். வந்துவிட்டது. புது ஸ்போர்ட்ஸ் கார், வெள்ளி நிறம், இரண்டே கதவு, தரையைத் தொடுகிற உயரம். கூடவே சில காயங்களும் வந்தன. முன் பம்பரின் இடது மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அதற்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் ஸ்பாய்லரின் (காற்றைத் திருப்பிவிடும் தகடு) அடிப்பக்கம், வண்டியை இறக்கும் சாய்வுப் பலகையான ராம்பில் உரசி நார்நாராகப் பிய்ந்திருந்தது. பின் சக்கர ரிம்மில், இறுக்கிக் கட்டிய பட்டையின் கொக்கி இழுத்த தடம். வலது கதவில், கைப்பிடிக்குக் கீழே, நாணய அளவில் ஒரு சொட்டை. பெரிதாக ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லலாம். நெடுநாள் காத்திருந்து வாங்கியவனிடம் மட்டும் அப்படிச் சொல்லக் கூடாது.

டிரெய்லர் வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஓட்டி வந்தவர் நல்ல மனிதர், பாவம், அடுத்த ஊருக்குப் போகும் அவசரம். தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தூசியைக் கழுவினேன். பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துச் சுற்றி வந்தேன். நேராக அடித்தால் சொட்டை தெரியாது. சாய்த்து அடித்தால் வெளிச்சம் அந்த இடத்தில் வளையும், அப்போதுதான் அகப்படும். கதவில் இருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தேன். கமலா வாசலில் நின்று, "ஓட்டுவதற்கு வாங்கினீர்களா, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதற்கா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன், உனக்கும் தேவைப்படும். டெலிவரி தாளில் 'சோதனைக்கு உட்பட்டு' என்று பொதுவாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதற்குப் பெரிய மதிப்பில்லை. எந்தப் பாகம், எந்த இடம், எவ்வளவு நீளம், என்ன வகை என்று எழுத வேண்டும். "வலது கதவு, கைப்பிடிக்குக் கீழே, 2 செ.மீ. சொட்டை, பெயிண்ட் உடையவில்லை" என்கிற மாதிரி. இரண்டு பிரதிகளிலும் எழுதி டிரைவரிடமும் கையெழுத்து வாங்கினேன். வண்டி டிரெய்லரில் இருக்கும்போதே கொஞ்சம் போட்டோ எடுத்தேன்: பட்டை எப்படிக் கட்டியிருக்கிறது, ராம்ப் எவ்வளவு சரிவு, கிலோமீட்டர் காட்டும் எண் எவ்வளவு, எல்லாம். கொக்கி இருந்த இடமும் ரிம்மில் இருந்த தடமும் ஒரே படத்தில் விழுந்துவிட்டன. அதற்கப்புறம் யாருடனும் வாதாட வேண்டியிருக்கவில்லை.

முதலில் பயந்துபோய்க் காயக் கணக்கில் சேர்க்கப் பார்த்த இரண்டு விஷயங்கள் காயமே இல்லை. பிரேக் டிஸ்க்கில் துரு படிந்திருந்தது. வெறும் இரும்பு ஈரத்தில் நின்றால் அப்படித்தான் ஆகும், சில முறை பிரேக் பிடித்தால் போய்விடும். போனது. இன்னொன்று, பானெட் முழுக்கப் பொடிப்பொடியாக ஆரஞ்சு நிறப் புள்ளிகள். டிரெய்லரில் ஏறும் முன் ரயிலிலும் வந்திருக்கிறது, அப்படி வரும் வண்டிகளுக்கு இது வழக்கம். தண்டவாளத்திலும் சக்கரத்திலும் தேயும் இரும்புத் துகள் பெயிண்டில் ஒட்டித் துருப்பிடிக்கும். இரும்புத் துகளைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்தால் அது ஊதா நிறமாக மாறி வழியும். கழுவியதும் சுத்தம். தேய்த்து எடுக்கப் பார்த்தால்தான் கீறல் விழும்.

இப்போது விஷயத்தின் நடுப்பகுதி. டீலர் உடனே ஒத்துக்கொண்டார். நம்மிடம் ஒப்படைக்கும் முன் விழுந்த அடி அவர்கள் பொறுப்பு, லாரிக்காரனிடம் வசூலிப்பது அவர்கள் பாடு. அதில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கொடுத்த தீர்வுதான் எனக்குத் தூக்கம் கெட்டதற்குக் காரணம். "பம்பர், கதவு இரண்டையும் முழுசாக பெயிண்ட் அடித்துப் புதுசாக்கித் தருகிறோம், காசு வேண்டாம்" என்றார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! பம்பருக்குச் சரி என்றேன். கதவை மட்டும் யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.

தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கும்போது வண்டி வெறும் உலோகக் கூடு. ஒயர் இல்லை, பிளாஸ்டிக் இல்லை, கண்ணாடி இல்லை. அதனால் 140 டிகிரி வாக்கில் வைத்து பெயிண்டைச் சுட முடிகிறது. முழு வண்டியாகிவிட்ட பிறகு அந்தச் சூட்டில் வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் உருகிவிடும். ஆகவே பட்டறையில் வேறு வகை பெயிண்ட், அதில் கெட்டிப்படுத்தும் திரவத்தைக் கலந்து 60 டிகிரி சூட்டில் உலர்த்துகிறார்கள். நல்ல கையாக இருந்தால் நன்றாகவே வரும், மறுக்கவில்லை. ஆனால் முதலில் போட்ட அந்தப் பூச்சை ஒரு தடவை சுரண்டினால் திரும்ப வராது.

அப்புறம் இந்த வெள்ளி நிறம் இருக்கிறதே, அதைப் போல் வம்பு பிடித்த நிறம் கிடையாது. பெயிண்டுக்குள் இருக்கும் அலுமினியத் துகள் எந்தச் சாய்வில் படிகிறது என்பதைப் பொறுத்துச் சாயல் மாறும். ஸ்ப்ரே அழுத்தம் கொஞ்சம் கூடினாலோ, கை கொஞ்சம் நகர்ந்தாலோ, நேரில் பார்க்க ஒரு நிறம், சாய்ந்து பார்க்க வேறு நிறம். அதை மறைக்க, பக்கத்துப் பாகங்களிலும் கொஞ்சம் நிறத்தை இழுத்துக் கரைத்துவிட்டு, அந்தப் பாகங்கள் முழுக்க மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிப்பார்கள். ஒரு நாணய அளவுச் சொட்டைக்காகக் கதவு, முன் மட்கார்டு, பின் பக்கம் என்று வண்டியின் ஒரு பாதியே மறுபூச்சு ஆகிவிடும். கொசுவை அடிக்கச் சுவரை இடித்த கதைதான்.

நாளைக்கு விற்கும்போது என்ன ஆகும் என்றும் யோசித்தேன். (விற்க மாட்டேன். இருந்தாலும்.) வாங்க வருகிறவன் பெயிண்ட் தடிமன் பார்க்கும் கருவியோடு வருவான். தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வாக்கில் இருக்கும். ஒரு கதவு மட்டும் 250 காட்டினால், "விபத்து வண்டியா?" என்பதுதான் முதல் கேள்வி. லாரியில் வந்தபோது விழுந்த சொட்டை என்று நாம் சொன்னால் யார் நம்புவார்கள்?

பம்பருக்கு மட்டும் ஏன் சம்மதித்தேன் என்று கேட்பாய். பம்பர் பிளாஸ்டிக், தொழிற்சாலையிலேயே அந்த 140 டிகிரியை அது தாங்காது, தனி வகை பெயிண்டில், குறைந்த சூட்டில்தான் செய்கிறார்கள். பல புது வண்டிகளில் பம்பருக்கும் மட்கார்டுக்கும் நூலிழை வித்தியாசம் பிறவியிலேயே இருக்கும், பார்த்திருப்பாய். அதனால் அங்கே மறுபூச்சால் பெரிய இழப்பில்லை. கீறல் நகத்தில் தட்டுகிற ஆழம். பாலிஷ் போட்டுத் தீராது. கிளியர் கோட்டே சுமார் 40 மைக்ரான்தான், அதற்குள் நிற்கும் கீறல்தான் பாலிஷுக்கு அடங்கும். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: பள்ளத்தை நிரப்பும் பட்டி வைத்துத் தடவக் கூடாது. பம்பருக்குப் பின்னால் ரேடார் உட்கார்ந்திருக்கிறது. அதன் எதிரே பட்டியும் அளவுக்கு மீறிய பூச்சும் ஏறினால் அலை மங்கி, முன்னால் போகும் வண்டியைச் சரியாகப் பார்க்காது. கீறல் ரேடாரைவிட்டுத் தள்ளியே இருக்கிறது. இருந்தாலும் சொல்லி வைத்தேன்.

கதவுக்கு, பெயிண்ட் அடிக்காமல் சொட்டை எடுக்கும் ஆள் ஒருவரைப் பிடித்தேன். அவர் வேலையை நீ பார்க்க வேண்டும், ராஜா. கோடு கோடாக வெளிச்சம் விழும் ஒரு பலகையைக் கதவுக்கு எதிரே வைத்தார். சொட்டை இருக்கும் இடத்தில் கோடுகள் வளைந்து தெரிந்தன. வளைந்த கம்பியைக் கண்ணாடி இறங்கும் இடைவெளி வழியாக உள்ளே விட்டு, பின்னாலிருந்து மெல்ல மெல்ல அழுத்தினார். கண் கதவில் இல்லை, கோட்டின் பிரதிபலிப்பில்தான். கதவு அலுமினியம் என்பதால் முன்கூட்டியே எச்சரித்தார்: இரும்புத் தகடு பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும், அலுமினியத்துக்கு அந்தக் குணம் குறைவு, அவசரப்பட்டால் நீண்டு போய்ச் சொட்டை இருந்த இடம் மேடாகிவிடும். இலேசாகச் சூடுபடுத்தி, நேரம் எடுத்துச் செய்தார். கோடுகள் ஒவ்வொன்றாக நேரானபோது எனக்குக் கை தட்டத் தோன்றியது. பெயிண்ட் வெடித்திருந்தாலோ, சொட்டை கதவின் ஓரத்து மடிப்பில் இருந்தாலோ இந்த வித்தை பலிக்காது என்றார். நம் அதிர்ஷ்டம். இந்தக் கூலியையும் டீலரே கொடுத்தார். முழு பெயிண்டைவிட அவருக்கும் இது மிச்சம்தானே.

ஸ்பாய்லர் திருகு போட்டு மாட்டும் பாகம், புதுசு வரச் சொல்லியிருக்கிறது. ரிம்மையும் மாற்றித் தருகிறார்கள். கடைசல் பிடித்துச் சரி செய்யலாம் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் உலோகம் கொஞ்சம் குறையும், முதல் நாளே அதைச் செலவழிக்க மனமில்லை.

இனி உன் கதை. நீ வாங்கியிருக்கும் பழைய வண்டி கப்பலில் வருகிறது, நடுவில் டீலர் யாரும் இல்லை. எனக்குக் கிடைத்த சௌகரியம் உனக்குக் கிடைக்காது. உரிமை கோருகிறவன் நீயேதான். கடல் வழிச் சரக்குக்கு 1924-ஆம் வருஷத்து ஹேக் விதிகளும் அதன் திருத்தங்களும் பல நாடுகளில் நடைமுறையில் இருக்கின்றன. அதன்படி, வெளியே தெரியும் சேதத்தை வண்டியை எடுக்கும்போதே எழுத்தில் சொல்ல வேண்டும். தெரியாத சேதம் என்றால் 3 நாளுக்குள். சொல்லாவிட்டால் உரிமை அடியோடு போகாது, ஆனால் வண்டி நன்றாகத்தான் வந்தது என்று எடுத்துக்கொள்வார்கள், மாற்றி நிரூபிக்கும் பாரம் உன் தலையில் விழும். வழக்குப் போட ஒரு வருஷம். நாடு விட்டு நாடு லாரியில் வந்தால் 1956-ஆம் வருஷத்து ஜெனிவா ஒப்பந்தம் பொருந்தும் இடங்களில், வெளியே தெரியாத சேதத்துக்கு 7 நாள் தருகிறார்கள்.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த சங்கதி ஒன்று. திருத்திய ஹேக் விதிகளில் இழப்பீட்டின் உச்சவரம்பு எடையை வைத்து: கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). ஆயிரம் கிலோ வண்டிக்கு 2,000, அவ்வளவுதான். ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறவன் ஒவ்வொரு கிலோவாகச் செதுக்கி எடை குறைக்கிறான். இலேசாக ஆக ஆக இழப்பீடும் இலேசாகிறது! சின்னக் கீறலுக்கு அந்தத் தொகை போதும், பெரிய அடி விழுந்தால் போதாது. அதனால் தனியாகக் கடல் வழி இன்சூரன்ஸ் எடுத்துவிடு. முழு இழப்புக்கு மட்டும் என்ற மலிவு பாலிசியை வாங்காதே, அது கீறலுக்கும் சொட்டைக்கும் ஒரு காசு தராது. பழைய வண்டி என்பதால் ஏற்கனவே இருந்த கீறல் என்று தட்டிக்கழிப்பார்கள்; ஏற்றும் முன் நல்ல வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துத் தேதியோடு அனுப்பச் சொல். கன்டெய்னரில் வருகிறதா என்றும் கேள். வந்தால், உள்ளே இடைவெளி குறைவு, இறங்கும்போது கதவின் ஓரம் சுவரில் இடிக்கும். ஓரத்தில் மெத்தென்று ஏதாவது ஒட்டச் சொல். பட்டையைச் சக்கரத்து டயர் மேல் போட்டுக் கட்டச் சொல், ரிம்மில் கொக்கி படாமல்.

கப்பல் கிளம்பும் தேதி தெரிந்ததும் எழுது. இறக்கும் அன்று நானும் வருகிறேன், முழங்காலை வைத்துக்கொண்டு நீ குனிந்து ஸ்பாய்லருக்கு அடியில் பார்க்க வேண்டாம். பெயிண்ட் தடிமன் பார்க்கும் கருவி ஒன்று வாங்கிவிட்டேன், அலுமினியத்துக்கும் வேலை செய்கிற வகை. கமலாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் போனில் உளறிவிடாதே.

அன்புடன்,
மூர்த்தி