சிம் வாங்கும் முன் உங்கள் வீட்டுச் சுவரைக் கேளுங்கள்

எங்கள் வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

"எந்த நிறுவனத்தின் சிம் நல்லது?" கடைக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடுவோம் என்று எதிர்பார்க்கிறார்கள். நாங்களோ, "வீட்டில் போனை எங்கே வைப்பீர்கள்? பகலில் எங்கே இருப்பீர்கள்? வேலை பார்க்கும் இடம் தரைத்தளமா, அதற்கும் கீழேயா?" என்று திருப்பிக் கேட்கிறோம். போன மாதம் ஒருவர், "நான் சிம் வாங்க வந்தேனா, வாக்குமூலம் கொடுக்க வந்தேனா?" என்றார். அவர் கோபம் நியாயம்தான். ஏன் இத்தனை கேள்வி என்பதை ஒரு முறையாவது விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதலில் எங்களைப் பற்றிய ஓர் உண்மை. சிம் விற்றால் கடைக்குக் கமிஷன் உண்டு. எல்லா நிறுவனங்களும் ஒரே அளவு கொடுப்பதில்லை. ஆகவே கடைக்காரர் ஒரு பெயரைச் சட்டென்று சொன்னால், அது உங்களுக்கு நல்லதா, அவருக்கு நல்லதா என்று யோசிக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. எங்களையும் சேர்த்துத்தான்.

நாங்கள் இந்தப் பாடத்தைக் கற்றது ஒரு பேட்டரியால். ஓர் அம்மா போனைக் கொண்டுவந்து, காலையில் முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் மதியத்துக்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது என்றார். போன் பழையது, பேட்டரி தேய்ந்திருக்கும் என்று சொல்லி மாற்றிக் கொடுத்தோம். பத்தாம் நாள் திரும்பி வந்தார். அதே கதை. போனை ஒரு நாள் கடையிலேயே விட்டுப் போகச் சொன்னோம். மேசை மேல் சும்மா கிடந்த போனில் சாயங்காலம் வரை சார்ஜ் கொஞ்சமும் இறங்கவில்லை என்றே சொல்லலாம். பேட்டரியில் குற்றமில்லை. அவர் வீட்டில் போன் இருக்கும் இடம் பின்னறை. இரும்பு அலமாரியை ஒட்டிய ஒரு தட்டு. அங்கே அவருடைய நிறுவனத்தின் சிக்னல் நூலிழையாகத்தான் வந்துகொண்டிருந்தது.

சிக்னல் மெலிந்தால் பேட்டரி ஏன் கரைய வேண்டும்? டவர் பேசுவது போனுக்குக் கேட்டால் மட்டும் போதாது. போன் பேசுவதும் டவருக்குக் கேட்க வேண்டும். டவர் தொலைவில் இருந்தாலோ, நடுவே சுவர்கள் நின்றாலோ, போன் தன் குரலை உயர்த்திக் கத்துகிறது. 4ஜி போன் ஒன்று வழக்கமாக 200 மில்லிவாட் வரை உயர்த்தும். நல்ல சிக்னலில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடத் தேவைப்படாது. சிக்னல் அறுந்துபோனால் வேறு டவர் கிடைக்குமா என்று விடாமல் தேடும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. அந்த அம்மா வேறு நிறுவனத்துக்கு மாறினார். அதே அலமாரி, அதே தட்டு, போன் மறுநாள் வரை தாங்கியது. பேட்டரிக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அன்றிலிருந்து பேட்டரி மாற்ற வருகிறவர்களிடமும் இந்தக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கிவிட்டோம்.

இனி, திரையின் மூலையில் தெரியும் கோடுகளைப் பற்றி. நான்கு கோடு தெரிந்தால் சிக்னல் முழுசு என்று நம்புகிறோம். எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்று எல்லோரும் கட்டுப்பட்ட பொது விதி எதுவும் இல்லை. போனைத் தயாரிக்கிறவர் வைத்ததே கணக்கு. 2010-இல் ஐபோன் 4 வந்த புதிதில், கையில் பிடித்ததும் கோடுகள் சரிகின்றன என்று பெரிய கூச்சல் எழுந்தது. கோடுகளைக் கணக்கிட்ட சூத்திரமே தவறு, இருக்க வேண்டியதைவிட அதிகமாகக் காட்டிவந்திருக்கிறது என்று ஆப்பிள் நிறுவனமே அப்போது ஒப்புக்கொண்டது. ஆகையால் உங்கள் போனில் மூன்று கோடு, பக்கத்தில் இருப்பவர் போனில் இரண்டு கோடு என்பதை வைத்து எந்த நிறுவனம் மேல் என்று முடிவு கட்டாதீர்கள்.

கோட்டுக்குப் பின்னால் ஓர் எண் இருக்கிறது. அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் கடைக்காரரை நம்ப வேண்டியதே இல்லை. ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் 'போனைப் பற்றி' என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் வலிமை தெரியும். ஐபோனில் *3001#12345#* என்று அழுத்தி அழைத்தால் சோதனைத் திரை ஒன்று திறக்கும். எண் மைனஸில் இருக்கும். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மைனஸ் 80 நல்லது, மைனஸ் 110 மோசம். பூஜ்யத்தை நோக்கி நெருங்க நெருங்க நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4ஜியில் மைனஸ் 80-90 என்றால் கவலையே வேண்டாம். 100-ஐத் தாண்டினால் சுமார். 110-க்கு மேல் பேச்சு அறுபடத் தொடங்கும். 120 என்றால் சிக்னல் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: இந்த அளவுகோலில் பத்துப் படி இறங்கினால் சிக்னல் பத்தில் ஒன்றாகிறது, இருபது படி என்றால் நூறில் ஒன்று. வாசலில் 90, படுக்கையறையில் 110 என்றால் வித்தியாசம் கொஞ்சம்தானே என்று எண்ணிவிடக் கூடாது. நூறு பங்கில் தொண்ணூற்றொன்பதைச் சுவர்கள் தின்றுவிட்டன.

எல்லாச் சுவரும் ஒரே அளவு தின்பதில்லை. எல்லா அலையையும் ஒரே அளவு தின்பதுமில்லை. பக்கத்து வீட்டில் பாட்டுச் சத்தம் பலமாக இருந்தால், சுவரைத் தாண்டி நம் காதுக்கு வருவது மேளத்தின் தடதடப்புதான். பாடுகிறவரின் குரல் அங்கேயே நின்றுவிடும். ரேடியோ அலைகளும் அப்படித்தான். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தூரம் போகும், சுவருக்குள்ளும் நுழையும். 2600, 3500 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்தவை நிறையத் தகவலைச் சுமக்கும், ஆனால் கான்கிரீட்டைக் கண்டால் தளர்ந்துவிடும். 5ஜியில் 26, 28 கிகாஹெர்ட்ஸ் வரை போகிற ஒரு வகை உண்டு. அதை நம் கையே மறைத்துவிடும். வெயில் சூடு உள்ளே வராமல் இருக்க மெல்லிய உலோகப் பூச்சுடன் வரும் சன்னல் கண்ணாடி பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அலைகளுக்கு ஏறக்குறைய சுவர்தான். புதுக் கட்டடத்துக்குக் குடிபோனதும் போன் வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் விசாரிப்பது கண்ணாடியைத்தான்.

"டவர் எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரிகிறதே" என்பார்கள். தெரியட்டும். அந்தக் கோபுரத்தில் தொங்கும் ஆன்டெனா எந்த நிறுவனத்துடையது என்று கோபுரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பொதுவாக மூன்று பக்கமாகத் திருப்பி வைப்பார்கள். விளக்கின் வெளிச்சம் போல அலை பக்கவாட்டில் விரிந்து தொலைவில்தான் தரையில் விழுகிறது. கோபுரத்தின் காலடியில் இருக்கிற வீட்டைவிட நாலு தெரு தள்ளியிருக்கும் வீட்டில் நல்ல சிக்னல் வருவது அதிசயமில்லை.

எங்கெங்கே சிக்னல் உண்டு என்று வண்ணம் தீட்டி நிறுவனங்கள் வெளியிடும் வரைபடங்களைத் தள்ளிவிட வேண்டாம். தொடங்குவதற்கு அவை உதவும். ஆனால் அந்த வண்ணங்களில் பெரும்பாலானவை நிலத்தின் மேடுபள்ளத்தையும் டவரின் உயரத்தையும் வைத்துக் கணினி போட்ட கணக்கு. யாரும் உங்கள் பின்னறைக்கு வந்து அளந்து பார்த்து வண்ணம் தீட்டவில்லை. வரைபடத்தில் 'வெளியிடம்', 'உள்ளிடம்' என்று தனித்தனியே காட்டினால் உள்ளிடத்தை மட்டும் பாருங்கள்.

அதைவிட நல்ல வழி, நீங்களே நடந்து பார்ப்பது. நண்பர்கள், உறவினர்கள் வீட்டுக்கு வரும்போது அவர்கள் போன் எந்த நிறுவனம் என்று கேளுங்கள். பின்னறைக்குப் போய் ஒரு அழைப்பு செய்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சிம் போடும் போன் உங்களிடம் இருந்தால் இன்னும் எளிது: பழைய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, சந்தேகப்படும் நிறுவனத்தின் மிகக் குறைந்த திட்டத்தில் ஒரு சிம் வாங்கி இரண்டு வாரம் கூடவே சுமந்து பாருங்கள். இ-சிம் வசதி இருந்தால் அட்டைகூட வேண்டாம். படுக்கை, சமையலறை, மாடிப்படி, வேலை செய்யும் இருக்கை, தினமும் போகும் பஸ்ஸின் வழி, எப்போதாவது போகும் மருத்துவமனையின் காத்திருப்பு அறை. வழியில் போன் 'அவசர அழைப்பு மட்டும்' என்று காட்டினால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவசர எண்ணுக்கு எந்த நிறுவனத்தின் டவரையும் போன் பயன்படுத்தலாம். ஆகவே அந்தச் சொற்களுக்கு, 'உங்கள் நிறுவனம் இங்கே இல்லை, வேறொருவர் இருக்கிறார்' என்றுதான் பெரும்பாலும் பொருள்.

சோதனையை இரவு எட்டு, ஒன்பது மணிக்கும் செய்யுங்கள். காலை ஆறு மணிக்கு எல்லா நிறுவனமும் நல்ல நிறுவனம்தான். ஒரு டவரின் கொள்ளளவை அந்தப் பகுதியில் இருக்கும் அனைவரும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். ஊரே வீடு திரும்பிப் படம் பார்க்கத் தொடங்கும் நேரத்தில் நான்கு கோடும் நிமிர்ந்து நிற்கும். ஆனால் இணையத்தில் ஒரு பக்கம்கூடத் திறக்காது. வலிமை வேறு, நெரிசல் வேறு. சொந்த டவர் இல்லாமல் பெரிய நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்து நடத்தும் சிறு நிறுவனங்கள் பல நாடுகளில் உண்டு. கட்டணம் மலிவு, டவர் அதே டவர். ஆனால் நெரிசல் நேரத்தில் அவர்களுடைய வாடிக்கையாளர்கள் வரிசையில் பின்னால் நிறுத்தப்படலாம். பகலில் மட்டும் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் போனையும் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ வாங்கி வந்த போன் உங்கள் நிறுவனத்தின் தாழ்ந்த அலைவரிசையை அறியாததாக இருக்கலாம். அப்போது எத்தனை சிம் மாற்றியும் பயனில்லை. 4ஜி வழியாகவே குரல் அழைப்பு போகும் வசதி போனில் இருக்கிறதா என்பதும் முக்கியம். பழைய வலையமைப்புகளை மூடிக்கொண்டு வருகிறார்கள். அமெரிக்காவில் மூன்று பெரிய நிறுவனங்களும் 2022-க்குள் 3ஜியை நிறுத்திவிட்டன. இந்த வசதி இல்லாத போன் அப்படிப்பட்ட இடத்தில் இணையம் பார்க்கும், பேசாது. வீட்டில் நல்ல இணைய இணைப்பு இருந்து, போனும் நிறுவனமும் வைஃபை வழி அழைப்பை அனுமதித்தால், பின்னறைப் பிரச்சினை நிறுவனம் மாறாமலே தீர்ந்துவிடும். சிம் விற்கிற நாங்கள் இதைச் சொல்வது எங்கள் வியாபாரத்துக்கு நல்லதல்ல, சொல்லிவிட்டோம்.

அடுத்தது சேவை. கடையின் பழைய எண் ஒரு நிறுவனத்தில் இருந்தது, பெயர் வேண்டாம். ஒரு முறை ஒன்பது நாள் சிக்னல் இல்லை. ஐந்து முறை புகார் செய்தோம். ஐந்து முறையும் போனை அணைத்துப் போடச் சொன்னார்கள். போன் கடையில், போனை அணைத்துப் போடத் தெரியாதவர்களாக எங்களை நினைத்துவிட்டார்கள். ஐந்தாம் முறை பேசியவருக்கு முதல் நான்கு புகார்கள் பதிவானதே தெரியவில்லை. சிம் வாங்குவதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் உதவி எண்ணை ஒரு மாலை அழைத்துப் பாருங்கள். மனிதக் குரல் கேட்க எத்தனை நிமிடம் ஆகிறது, கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறதா, புகார் எண் என்று ஒன்று தருகிறார்களா என்று பாருங்கள்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "போன் தொலைந்தால் மாற்று சிம் எப்படித் தருவீர்கள்?" அடையாளச் சான்று, நேரில் வரவேண்டும், சில மணி நேரம் ஆகும் என்றால் எரிச்சல்படாதீர்கள். பெயரும் பிறந்த தேதியும் சொன்னால் போதும், உடனே கிடைக்கும் என்றால்தான் பயப்பட வேண்டும். உங்களுக்குக் கிடைக்கும் வேகத்தில் உங்கள் பெயரைச் சொல்லும் திருடனுக்கும் கிடைக்கும். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் பிறகு அவன் போனுக்கு வரும்.

எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி 1997-இல் சிங்கப்பூரில் தொடங்கியது; இப்போது பல நாடுகளில் இருக்கிறது. மாறுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, புதியது வருவதற்கு முன்பே பழைய இணைப்பை ரத்து செய்துவிடுவது. ரத்தான எண்ணை எங்கும் கொண்டுபோக முடியாது. புதிய நிறுவனத்திடம் விண்ணப்பியுங்கள். எண் கைமாறியதும் பழைய இணைப்பு தானாக முடிந்துவிடும். பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள், தவணையில் வாங்கிய போன் அந்த நிறுவனத்துக்கே பூட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். மாறும் நேரத்தில் கொஞ்ச நேரம் எண் செத்துக் கிடக்கலாம். பணம் அனுப்பவேண்டிய நாளாகவோ பயண நாளாகவோ அது இருக்க வேண்டாம்.

அளந்து பார்ப்பது உங்களுக்குச் சிரமமாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் சிம் போட்ட இரண்டு சோதனைப் போன்கள் எங்கள் கடையில் இருக்கின்றன. பழுதுபார்த்த போனைக் கொடுக்க எங்கள் பையன் வீட்டுக்கு வரும்போது அவற்றையும் எடுத்து வருவான். பின்னறை வரை நடந்து, ஒவ்வொரு நிறுவனத்தின் சிக்னல் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பான். அதற்குக் கட்டணம் இல்லை. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு எங்களிடமே வந்து சிம் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. அலமாரிப் பக்கம் வழியை மட்டும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். போன வாரம் ஒரு வீட்டில் முழங்காலில் அடிபட்டுத் திரும்பினான்.

இப்படிக்கு,
உங்கள் செல்போன் விற்பனை, பழுதுபார்ப்புக் கடையினர்