பூங்காவில் கும்மிக்கும் இடம் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நலவாழ்வு இணைப்பில் நடன உடற்பயிற்சி பற்றி வந்த கட்டுரையில் ஜும்பாவையும் ஏரோபிக்ஸையும் விட்டால் வேறு ஆட்டமே இல்லை. மாதக் கட்டணமும் காதைப் பிளக்கும் ஸ்பீக்கரும் அறுபதைத் தாண்டிய எங்களுக்கு ஒத்துவருமா? கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் பொழுது சாய்ந்தால் கோயில் திடல்களில், வள்ளி–முருகன் கதையைப் பாடிக் கைகொட்டி ஆடும் வள்ளி கும்மி பழகுகிறார்களே, அது எப்படி விடுபட்டது?

கும்மியில் காலை முன்வைத்துச் சற்றே குனிந்து கைகொட்டி, பின்வாங்கி, திரும்பி மறுபுறம் கொட்ட வேண்டும். அடிக்கு அடி உடல் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும். வயதானவர்கள் தடுமாறி விழுவது பல நேரங்களில் இப்படித் திரும்பும்போதுதான். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. காலையில் நேர்கோட்டில் நடந்துவிட்டு வருவது மட்டும் அதற்கு ஈடாகாது.

மனத்துக்கும் இதில் வேலை உண்டு. நியூயார்க்கில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், உடலுழைப்பான பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றுதான் மறதி நோய் குறைவாக இருந்ததோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. அதை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன்; நினைவு தெளிவாக இருந்தவர்களே ஆடப் போயிருக்கலாம். ஆனால் பாட்டு எங்கே திரும்புகிறது, அடுத்த அடி எது, பக்கத்தில் ஆடுபவர் எங்கே நிற்கிறார் என்று ஒரே நேரத்தில் கவனிப்பவருக்கு வீட்டுக் கவலையை நினைக்க நேரமிருக்காது என்பதை நானே அனுபவித்து அறிந்திருக்கிறேன்.

இன்னொன்று. மிதமான உடற்பயிற்சியின்போது பேச முடியும், பாட முடியாது என்பது மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவுகோல். கும்மி ஆசிரியர் ஓரடி பாட, ஆடுகிறவர்கள் திருப்பிப் பாடும் பழைய முறையில் அந்தச் சோதனை தானாகவே நடந்துவிடும். பாட முடியாமல் நின்றுபோனால் மூச்சு வாங்குகிறது என்று பொருள். வட்டத்தைவிட்டு விலகி உட்கார்ந்துகொள்ளலாம். ஒலிப்பதிவுக்கு ஆடினால் இந்த வசதி போய்விடுகிறது.

வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் அவர்களுக்கு 2024இல், தம் 87ஆம் வயதில், பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் கும்மி இப்போது அரங்கேற்றம், ஒரே நிறப் புடவை, ஆயிரக்கணக்கானோர் சாதனை என்று வேறு திசையில் ஓடுகிறது. வேகம் கூடக்கூட முழங்கால் வலிக்காரர்கள் நாற்காலிக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு மெதுவான கும்மி தனியாக வேண்டும்: குனியாமல், குதிக்காமல், முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே கைகொட்டி. தலைச்சுற்றல், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும்.

எங்கள் ஊர்ப் பூங்காவில் இரும்பு உடற்பயிற்சிக் கருவிகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள். ஒன்றின் மிதி கழன்று கிடக்கிறது. இன்னொன்றில் பையன்கள் ஊஞ்சலாடுகிறார்கள். அந்தச் செலவில் ஒரு மூலையைச் சமன்படுத்தி விளக்குப் போட்டிருந்தால் போதும். வழவழப்பான டைல்ஸ் மட்டும் பதிக்க வேண்டாம். மழைத் தூறலில் அதில் கால் வைக்கவே பயமாக இருக்கிறது. மாலை ஆறிலிருந்து ஏழு வரை அந்த இடத்தை எங்களுக்கு ஒதுக்குமாறு நகராட்சிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். தங்கள் இதழும் இதை எடுத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.