‘பி.டி.’ என்றால் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவப் பக்கத்தில் சிறுநீரக நோய் பற்றி வரும் தொடரை நானும் என் மனைவியும் விடாமல் படிக்கிறோம். அவளுக்கு 62 வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. அதனால் ஒரு வரி விடாமல் படிப்போம். சென்ற இதழில் ஒரு வாசகர், மருத்துவர் எழுதும்போது ஒவ்வொரு சுருக்கத்துக்கும் விளக்கம் கேட்டால் கட்டுரை பாடப் புத்தகமாகிவிடும், புரியாதவர்கள் செல்போனில் தேடிக்கொள்ளலாமே என்று எழுதியிருந்தார். அவருக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் தேடாமல் இல்லை. தொடரின் ஒரு பகுதியில் ‘பி.டி. என்றால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்’ என்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாரைப் பார்த்து வளர்ந்தவள் என் மனைவி. உடற்பயிற்சியைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, மறுநாள் காலையிலிருந்து மொட்டைமாடியில் கையைக் காலை நீட்டி மடக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வேறு சந்தேகம். அவளுடைய மருந்துச் சீட்டில் ஒரு மாத்திரைக்குப் பக்கத்தில் பி.டி. என்று இருக்கிறது, அதற்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று பொருள். பத்து நாள் கழித்து ஒரு செவிலியர்தான் எங்களுக்கு விளக்கினார். கட்டுரை சொன்னது பெரிட்டோனியல் டயாலிசிஸ். வயிற்றில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி, அதன் வழியாகத் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுப்பார்கள். வயிற்றின் உள்சவ்வே ரத்தத்தில் உள்ள கழிவை எடுக்கும் வடிகட்டியாக வேலை செய்யும். இந்த ஒரு வரி கட்டுரையில் இருந்திருந்தால் போதும்.

தேடிக்கொள்ளுங்கள் என்பவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. தமிழில் ‘பி’ என்று எழுதினால் அது ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தாகவும் இருக்கலாம், பதினாறாம் எழுத்தாகவும் இருக்கலாம். ‘டி’ அதே போல நான்காவதா இருபதாவதா என்று தெரியாது. ஆக ‘பி.டி.’ என்ற இரண்டெழுத்து நான்கு விதமான ஆங்கிலச் சுருக்கங்களாக இருக்க முடியும். ஆங்கிலத்தில் படிப்பவருக்குத் தேடுவதற்கு எழுத்தாவது கையில் இருக்கிறது. தமிழில் படிப்பவருக்கு அதுவும் இல்லை.

எழுத்து தெரிந்தாலும் எப்போதும் தீர்ந்துவிடாது. டி.டி.எஸ். என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கியில் அது வட்டியில் பிடிக்கும் வரி. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்பவரிடம் அது நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு. மருந்துச் சீட்டில் ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஓ.டி. இன்னும் மோசம். பொது மருத்துவரின் சீட்டில் அது தினம் ஒரு வேளை, கண் மருத்துவரின் சீட்டில் வலது கண்.

துறைக்காரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும்போது விளக்கம் வேண்டாமே என்று சொல்லலாம். அவர்களுக்குள்ளேயே இது சரியாக நடப்பதாகத் தெரியவில்லை. 1950 முதல் 2019 வரையிலான சுமார் இரண்டரைக் கோடி அறிவியல் கட்டுரைகளின் தலைப்புகளையும் சுருக்கவுரைகளையும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் அலசி 2020-இல் வெளியிட்டார்கள். பதினோரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுருக்கப்பெயர்கள் கிடைத்தன. அவற்றில் அடிக்கடி புழங்கியவை இரண்டாயிரத்துச் சொச்சம்தான். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் மருத்துவக் குறிப்புகளில் எழுதவே கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. இன்சுலின் யூனிட்டைக் குறிக்கும் ‘யு’ அதில் இருக்கிறது. கையெழுத்தில் அந்த எழுத்து பூஜ்யம் மாதிரி தெரிந்தால் 10 யூனிட் 100 ஆகிவிடும் என்பதுதான் காரணம்.

எல்லாவற்றையும் விரித்து எழுதச் சொல்லவில்லை. ரேடாரும் லேசரும் எய்ட்ஸும் சுருக்கமாகப் பிறந்து சொல்லாகவே மாறிவிட்டவை. பி.பி.க்கும் ஈ.சி.ஜி.க்கும் யாரும் விளக்கம் கேட்கப் போவதில்லை. அப்புறம், விரித்து எழுதிவிட்டால் மட்டும் புரிந்துவிடாது. இ.ஜி.எஃப்.ஆர். என்பதற்கு அடைப்புக்குறிக்குள் ‘மதிப்பிடப்பட்ட குளோமெருலார் வடிகட்டு வீதம்’ என்று போட்டால் எனக்கு என்ன தெரியும்? ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு, சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்று சொல்லும் எண் அது, 60-க்குக் கீழே மூன்று மாதம் தொடர்ந்தால் நோய் என்று கொள்வார்கள் என்று எழுதினால் விளங்கும். என் மனைவியின் கிரியாட்டினின் 1.3. லேசாகத்தானே ஏறியிருக்கிறது என்று இருந்தோம். அவள் வயதில் ஒரு பெண்ணுக்கு அது கிட்டத்தட்ட 46 என்ற வடிகட்டு எண்ணைக் கொடுக்கிறது. அதே 1.3 ஓர் இருபத்தைந்து வயது இளைஞருக்கு 78 வாக்கில் வரும். இது தெரிந்த பிறகுதான் பயத்தோடு சேர்ந்து பத்தியமும் எங்கள் வீட்டுக்கு வந்தது.

நானும் ஒரு காலத்தில் இந்தத் தவறைச் செய்தவன். அஞ்சலகக் கவுன்டரில் உட்கார்ந்து, பணம் போட வந்த ஒரு அம்மாவிடம் "கே.வி.பி.யில் போடுங்களேன்" என்றேன். கிசான் விகாஸ் பத்திரத்தைச் சொன்னேன். அவர், "அந்த பேங்க்குக்கா போகணும்?" என்று கரூர் வைசியா வங்கியை நினைத்து எழுந்துவிட்டார். பெஞ்சில் உட்காரவைத்து முழுப்பெயரைச் சொன்னதும், எத்தனை வருடத்தில் எவ்வளவு வரும் என்று அவரே கேட்டு, யோசித்து, முடிவு செய்தார். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

எங்கள் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரரான உ.வே.சா.வின் பதிப்புகளைப் பாருங்கள். புறம்., சிலப். என்றெல்லாம் நூல்பெயரைச் சுருக்கித்தான் மேற்கோள் காட்டுவார். கூடவே ‘முதற்குறிப்பகராதி’ என்று ஒரு பகுதி வைத்து, எந்தச் சுருக்கம் எதைக் குறிக்கிறது என்று அச்சிட்டிருப்பார். சங்க நூலைக் கையில் எடுக்கும் புலவருக்கே அந்த மரியாதையைச் செய்தார்.

தொடரின் அடுத்த பகுதி டயாலிசிஸ் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதை எழுதும் மருத்துவரிடம், ஒவ்வொரு சுருக்கமும் முதலில் வரும் இடத்தில் அது என்ன, எதற்கு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இதுவரை வந்த பகுதிகளையெல்லாம் என் மனைவி கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். பழைய பகுதிகளில் வந்த சுருக்கங்களுக்கும் ஒரு சிறு பட்டியல் வெளியிட்டால் அதையும் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்வாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்,
கும்பகோணம்.