ஒன்பதாம் மாத ஊசியோடு டைபாய்டு ஊசியையும் போடுங்கள்

மத்திய சுகாதார, குடும்பநல அமைச்சகத்தில் தடுப்பூசி அட்டவணையை முடிவு செய்பவர்களுக்கு,

வணக்கம். வேலூர்ப் பக்கம் ஒரு சின்ன லேபில் முப்பது வருடம் ரத்தம் எடுத்தவன் நான். கண்ணாடித் தகட்டில் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) ஒரு சொட்டு, அதோடு சாயம் போட்ட ஆன்டிஜன் (செத்த டைபாய்டு கிருமி) ஒரு சொட்டு. குச்சியால் கலக்கி, தகட்டை ஒரு நிமிடம் சாய்த்துச் சாய்த்து ஆட்டினால் பால் திரிந்த மாதிரி பொடிப்பொடியாகத் திரளும். டைபாய்டுக்கான இந்தச் சோதனைக்குப் பெயர் வைடால். 'வைடால் 1:160' என்று எழுதிக் கொடுப்பேன். பெஞ்சில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மா, "டைபாய்டுதானாண்ணே?" என்பார். "டாக்டர் சொல்வாரும்மா" என்று நழுவிவிடுவேன். எப்போதோ வந்துபோன காய்ச்சலுக்கும் அது திரளும், நிஜ டைபாய்டுக்கு முதல் வாரத்தில் திரளாமலும் போகும். ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர்தான் சரியான சோதனை. அதுவும் ஏறக்குறைய பாதி நோயாளிகளைக் கோட்டைவிடும், எங்கள் லேபில் அந்த வசதியும் கிடையாது.

கண்டுபிடிக்கிற லட்சணம் இப்படி இருப்பதால்தான் ஊசியைப் பற்றி எழுதுகிறேன்.

பழைய டைபாய்டு ஊசியில் கிருமியின் மேலுறைச் சர்க்கரை மட்டும் இருந்தது. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் உடம்பு அதைச் சட்டை செய்யாது. அதே சர்க்கரையை டெட்டனஸ் டாக்சாய்டு என்ற புரதத்தோடு கோத்துக் கொடுத்தால் ஆறு மாதக் குழந்தைக்கும் எதிர்ப்பு உண்டாகிறது. இந்த 'கான்ஜுகேட்' ஊசிக்கு ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் 2013-இல் இங்கே உரிமம் பெற்றது. அப்போது கையில் இருந்தது ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏறிய கணக்கு மட்டும்தான். எதிர்ப்பொருள் ஏறினால் காய்ச்சல் வராது என்று எப்படிச் சொல்வது?

அதற்கு ஆக்ஸ்ஃபோர்டில் சில பெரியவர்கள் முன்வந்து, ஊசி போட்டுக்கொண்டு, டைபாய்டு கிருமி கலந்த சோடா உப்புத் தண்ணீரைத் தெரிந்தே குடித்தார்கள். (எனக்கு எவ்வளவு கொடுத்தாலும் குடித்திருக்க மாட்டேன்.) ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஊசி போடப்பட்ட 31 பேரில் 24 பேருக்கு நோய் கண்டது, இந்த ஊசி போட்ட 37 பேரில் 13 பேருக்கு. 2017-இல் முடிவு வெளியானது. அப்புறம் நேபாளத்தில் லலித்பூரில் சுமார் 20,000 பிள்ளைகளிடமும், ஆப்பிரிக்காவின் மலாவியில் பிளான்டயரில் 28,000 பிள்ளைகளிடமும் சோதித்தார்கள். இரண்டு இடத்திலும் பலன் 80 சதவீதத்தை ஒட்டி இருந்தது. டாக்காவின் மிர்பூரில் 85 சதவீதம்.

பாகிஸ்தான் 2019-இல் சிந்து மாகாணத்தில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. அங்கே 2016-இலிருந்து செஃப்ட்ரியாக்சோன் என்ற வீரியமான மருந்துக்கே மசியாத டைபாய்டு பரவியிருந்தது, வேறு வழியில்லை. நேபாளம் 2022-இல் சேர்த்தது, மலாவி 2023-இல். நம் ஊரிலேயே நவி மும்பை மாநகராட்சி 2018-இல் தன் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போட்டது. உங்கள் நிபுணர் குழுவும் 2022-இல் சரி என்று சொல்லிவிட்டது. ஆனாலும் தேசிய அட்டவணையில் அது இன்னும் ஏறவில்லை. தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள முடிந்தவர்களின் பிள்ளைக்கு மட்டும் கிடைக்கிறது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு இப்படி ஒரு ஊசி இருப்பதே தெரியாது.

நோய் குறைவு என்றும் சொல்ல முடியாது. வேலூர், டெல்லி, கொல்கத்தா நகரப் பகுதிகளில் வாராவாரம் பிள்ளைகளின் காய்ச்சலை விசாரித்துக் கணக்கெடுத்தார்கள். லட்சம் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 576 முதல் 1173 பேர் வரை டைபாய்டு. புனே பக்கத்துக் கிராமங்களில் வெறும் 35. எங்கள் தெருவில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒட்டி ஓடுவதைப் பார்த்தவனுக்கு இந்த வித்தியாசம் ஆச்சரியமில்லை. குழாயைச் சரிசெய்யும் வேலை ஊசியால் தீராது, டைபாய்டு மாதிரியே வரும் பாராடைபாய்டுக்கும் இந்த ஊசி கேட்காது. அதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன்.

ஒரு விஷயத்தில் உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. டாக்காவில் இரண்டு வயதுக்குள் போட்ட பிள்ளைகளுக்கு மூன்று முதல் ஐந்து வருடத்தில் பாதுகாப்பு நன்றாகவே இறங்கிவிட்டது. மலாவியிலோ நாலு வருடம் தாண்டியும் 78 சதவீதம் நின்றது. அதனால் ஊசியே வேண்டாம் என்று ஆகாது. இன்னொரு டோஸ் எப்போது என்பதுதான் கேள்வி. ஐந்து வயதில் டி.பி.டி. பூஸ்டருக்குப் பிள்ளைகள் எப்படியும் வருகிறார்கள், அப்போது போட்டால் என்ன ஆகிறது என்று இங்கேயே சோதித்துப் பாருங்கள். அது முடியட்டும் என்று முதல் டோஸை நிறுத்திவைக்க வேண்டாம். ஒன்பதாம் மாதம் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசிக்கு வரும் குழந்தைக்கு அதே நாளில், அதே நர்ஸ் கையால் இதையும் போட்டுவிடலாம். பதினைந்து வயது வரையுள்ள மற்ற பிள்ளைகளுக்கு, அதிகம் நோய் காணும் நகரங்களில் முதலில், பள்ளியிலேயே ஒரு முறை.

எந்த மாதம் தொடங்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் பதிலில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீசியன் ஒருவர்