சார் வீட்டுக்கு என்ன எழுதுவது?

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் உன்னோடு சேர்ந்து நானும் அழுதுவிட்டதால் சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை. நம் இருவருக்கும் பிசிக்ஸ் நடத்திய சார் போய்விட்டாரே, அவர் வீட்டுக்கு ஆறுதலாக என்ன எழுதுவது என்று கேட்டாயே, அதற்குத்தான் இது.

‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று மட்டும் எழுதாதே. அப்படி எழுத நிறையப் பேர் இருப்பார்கள். அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றை எழுது. வீட்டில் அவர் எப்படி என்று அவர் மனைவி மேடத்துக்குத் தெரியும், லேபில் எப்படி இருந்தார் என்று நாம் சொன்னால்தானே தெரியும்?

எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பிராக்டிகல் வகுப்புதான். உன் காலத்தில் தலை நரைத்து சாந்தமாகிவிட்டார், எங்களுக்கு நடத்தும்போதெல்லாம் ரப்பரைப் பார்த்தாலே கோபம் வரும். அப்சர்வேஷன் நோட்டில் ஓர் அளவு தப்பாகத் தோன்றினால் அழிக்கக் கூடாது, அடியில் இருப்பதைப் படிக்க முடிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, ஏன் அடித்தோம் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். எங்கள் செட்டில் ஒரு பையன் சீனியர் நோட்டைப் பார்த்து ஊசலின் அலைவு நேரங்களை அப்படியே எழுதிக் கொடுத்தான், புவியீர்ப்பு முடுக்கம் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே 9.8 என்று அச்சு அசலாக வந்துவிட்டது. சார் திட்டவில்லை. “இவ்வளவு நல்ல ஸ்டாப்வாட்ச் நம்ம லேபில் எங்கேப்பா இருக்கு, எனக்கும் காட்டு” என்றார். அவ்வளவுதான், அவன் திரும்பப் போய் ஊசலைக் கட்டினான்.

ரப்பர் கூடாது என்பதற்கு அவர் சொல்லும் ஜோஸ்லின் பெல் கதையை நீயும் கேட்டிருப்பாய். 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவர், ரேடியோ தொலைநோக்கியிலிருந்து நாள்தோறும் மீட்டர் கணக்கில் வந்து விழும் சார்ட் தாளைக் கண்ணாலேயே பார்த்துப் பார்த்து, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு கிறுக்கலை ‘ஏதோ இரைச்சல்’ என்று தள்ளிவிடாமல் துரத்திக்கொண்டு போனார். சுமார் 1.3 விநாடிக்கு ஒருமுறை துடித்த அதுதான் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பல்சர், அதாவது சுழன்றுகொண்டே சீரான ரேடியோ துடிப்புகளை அனுப்பும் நட்சத்திரம். 1974-இல் நோபல் அவருடைய வழிகாட்டி ஹியூயிஷுக்குப் போனது, பெல்லுக்கு இல்லை. இந்த இடம் வந்தால் சாருக்குக் குரல் ஏறிவிடும். ஆராய்ச்சிக் கட்டுரையில் மாணவர் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று கடைசிவரை பிடிவாதமாக இருந்தாரே, அது இதனால்தான் என்று நான் நினைக்கிறேன். 2018-இல் பெல்லுக்கு 30 லட்சம் டாலர் பரிசு கிடைத்து, அவர் அதை அப்படியே ஆராய்ச்சி மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுத்தபோது, ஓய்வு பெற்றிருந்த மனிதர் எனக்கு போன் பண்ணி, தன் வீட்டுப் பெண்ணே வாங்கியது போலப் பேசிக்கொண்டே இருந்தார்.

குறையும் உண்டு. சிலபஸை அவர் முடித்ததே கிடையாது, கடைசி யூனிட்டை நாமாகப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். அதையும் எழுது, மேடம் சிரிப்பார்.

அப்புறம், உன் பழைய நோட்டுகள் அலமாரியில்தான் இருக்கின்றன. சார் கையால் குறிப்பு எழுதிய பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், பார்த்துவிட்டு எதை எழுதுவது என்று முடிவு பண்ணு. மேடத்துக்கு இப்போது பார்வை அவ்வளவு சரியில்லை, அதனால் மெயில் வேண்டாம். கொஞ்சம் பெரிய எழுத்தாகவே எழுதித் தபாலில் போடு.

அம்மா