பெயின்ட் கடைசியில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் அணிவகுப்புப் படங்கள் உங்கள் நாளிதழில் வரும்போதெல்லாம் கண்ணில் படுவது பளபளக்கும் பெயின்டும் குரோமியப் பூச்சும்தான். அதைப் பார்த்து, கொட்டகையில் கிடக்கும் தாத்தா காலத்துக் காரை நாலைந்து நண்பர்களுடன் சேர்ந்து ஓட வைக்கலாம் என்று இறங்குகிறவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பெரும்பாலோர் முதல் வேலையாக டிங்கரிங் கடைக்குப் போகிறார்கள். கையிருப்பு அங்கேயே கரைந்துவிடுகிறது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஐம்பது வருடம் முன்பு இருந்தபடியே இருக்க, மேலே மட்டும் புதுப் பெயின்டுடன் வண்டி ரோட்டுக்கு வருகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்லத்தான் இக்கடிதம்.

சென்னைக்கே உரிய கார் என்பதால் ஸ்டாண்டர்டு ஹெரால்டையே எடுத்துக்கொள்கிறோம். இங்கிலாந்தில் 1959இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டை 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் செய்தது. உடலை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. 948 சி.சி. எஞ்சின், முன்பக்கமாக மொத்தமாகக் கவிழ்ந்து திறக்கும் பானெட். பிறகு இங்கு நான்கு கதவு வண்டியும் வந்தது. 1972இல் அதிலிருந்து கெஸல் என்ற கார் பிறந்தது. அம்பாசடரிலும் ஃபியட்டிலும் உடம்புதான் வண்டியைத் தாங்குகிறது. ஹெரால்டில் தனிச் சேஸிஸ், அதாவது தனி அடிச்சட்டம். அதன்மேல் உடல் போல்ட்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. நண்பர்கள் கூடிச் செய்வதற்கு இதைவிடத் தோதான வண்டி இல்லை: வயர், பைப், கேபிள்களைப் பிரித்துவிட்டு போல்ட்டுகளைக் கழற்றினால் ஆறு பேர் சேர்ந்து உடலைத் தூக்கி வைத்துவிடலாம். தூக்குவதற்கு முன் ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் உயரத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய ஷிம் தகடு எத்தனை இருக்கிறது என்று எழுதிவையுங்கள். அந்தக் கணக்குத் தொலைந்தால் கதவுகள் மறுபடி ஒழுங்காகச் சாத்தாது.

முதலில் பார்க்க வேண்டியது முன் சக்கரத்தின் ட்ரன்னியன். சக்கரத்தைப் பிடித்திருக்கும் செங்குத்து இரும்பின் அடிமுனை மரையாக இருக்கும். அது ஒரு வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுழல்கிறது. இதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, இ.பி. 90 கியர் ஆயில். நம் பணிமனைகளில் கிரீஸ் கன்னை எடுத்து அடிப்பதே பழக்கம். கிரீஸ் அடிமரை வரை இறங்காது, நாளடைவில் கட்டியாகிவிடும். ஓரத்தில் புகும் மழைத்தண்ணீர் அங்கேயே தங்கி எஃகு மரையைத் தின்னும். ஒருநாள் வண்டியை நிறுத்துவதற்காக ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது அந்த இரும்பு கழுத்தில் முறிந்து சக்கரம் மட்காடுக்குள் மடங்கும். மெதுவாகப் போகும்போது நடந்தால் அதிர்ஷ்டம்.

ஆகவே பழைய ஹெரால்டு எதுவானாலும் ட்ரன்னியனைக் கழற்றி, கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, மரையின் அடிப்பகுதியில் குழியோ தேய்மானமோ இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். குழி இருந்தால் அந்த இரும்பைத் தூக்கிப் போடுங்கள். வெல்டிங் வைத்துக் கடைந்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை வேறு. பூட்டும்போது கடைசி வரை திருகிவிட்டு, சக்கரம் இரு பக்கமும் முழுக்கத் திரும்பும் அளவுக்கு மட்டும் பின்னால் தளர்த்த வேண்டும். பிறகு ஒரு கிரீஸ் கன்னை நன்றாகக் கழுவி, அதில் கியர் ஆயிலை நிரப்பி, மேலே கசியும் வரை அடியுங்கள். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. முன் சக்கரத்தைத் தாங்கும் விஷ்போன் கைகளின் ரப்பர் புஷ்களை மாற்றினால், அவற்றின் போல்ட்டை ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. வண்டி நாலு சக்கரத்தில் நின்று, இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது இறுக்குங்கள். இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதங்களில் கிழியும்.

பிரேக் ஒரே சுற்று. எங்கோ ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போகும். வீல் சிலிண்டரின் உள்சுவரில் நகம் மாட்டும் அளவுக்குக் குழி இருந்தால் உரசிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். வெறும் கறை என்றால் மட்டும் உரசலாம். ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி அடைத்திருக்கும். மிதித்த காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் பிடித்தே இருந்தால் சந்தேகம் அதன்மேல்தான். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியைப் பறக்க விடாமல் ஈரத்துணியால் துடையுங்கள். முதலில் ஷூக்களைச் சரிசெய்ய வேண்டும்: பின்தட்டில் இருக்கும் சதுர முனையைச் சக்கரம் பிடிக்கும் வரை திருப்பி, ஒரு பல் பின்னால் விடுங்கள். அதற்குப் பிறகுதான் பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுப்பது. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்தில் இருக்கும் இடது பின் சக்கரத்தில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று வாருங்கள். ஒருவர் மிதிக்க, ஒருவர் சக்கரத்தில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட, மூன்றாமவர் மேலே பாட்டிலில் எண்ணெய் குறையாமல் பார்க்க வேண்டும். மிதிப்பவர் "மிதிச்சாச்சு" என்று சொல்லாமல் நிப்பிளைத் திறக்கக் கூடாது, "மூடியாச்சு" என்று கேட்காமல் காலை எடுக்கக் கூடாது. டாட் 3 அல்லது டாட் 4 எண்ணெய் மட்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பதால், வண்டி கொட்டகையிலேயே நின்றாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

எஞ்சினைப் பிரிக்கும் முன் ஒரு சோதனை. வண்டி நின்றிருக்க, ஒருவர் கிளட்சை மிதிக்கட்டும். இன்னொருவர் முன்பக்கத்துக் கப்பியைப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரிய முன்னால் நகர்ந்தால் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டை முன்பின் நகராமல் பிடிக்கும் அரைவட்டத் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன. முன்பின் ஆட்டம் 0.1 முதல் 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சின்னச் சாமான்தான்; எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்ச் சம்ப்பைக் கழற்றி மாற்றிவிடலாம், பள்ளக்கோடு உள்ள பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்கட்டும். விட்டுவைத்தால் வாஷர் கழன்று சம்ப்பில் விழும், கிராங்க் நேராக பிளாக்கை உரசும், அதோடு இரண்டும் போச்சு. டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவே உள்ளது), எஞ்சின் ஆறியிருக்கும்போது, அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து. முன்னிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணி, ஒன்பது கணக்கைப் பின்பற்றுங்கள்: 8 முழுக்கத் திறந்திருக்கும்போது 1ஐச் சரிசெய்யுங்கள், 6 திறந்திருக்கும்போது 3, 5 திறந்திருக்கும்போது 4. கூட்டினால் எப்போதும் ஒன்பது. வெடிக்கும் வரிசை 1-3-4-2. புகைவால்வு இடைவெளி ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் குறைந்துகொண்டே வந்தால் வால்வு தன் இருக்கையில் புதைகிறது என்று அர்த்தம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றுபோனது. வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு அந்த ஈயம்தான் பாதுகாப்பாக இருந்தது. போரிங் கடையில் கடினமான இருக்கை வளையம் இறக்கிக்கொண்டால் தீர்ந்தது.

பெட்ரோலில் இன்னொரு சிக்கல், 20 சதவீத எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ் அதில் ஊறி மெழுகாகும். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் விறைக்கும். தொட்டியில் ஈரம் சேர்ந்து அடியில் துரு பிடிக்கும். எனவே ஹோஸ்கள் எத்தனாலைத் தாங்கும் ஃப்ளோரோ ரப்பர் வகையாக இருக்க வேண்டும். கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல் ஹோஸின்மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அதே காற்றுக்கு முன்பைவிட ஏழெட்டு சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும் என்பதால், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பழைய அளவிலேயே விட்டு ஓட்டினால் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும். பிளக் வெள்ளையாக இருந்தால் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்குங்கள். வண்டி இரண்டு மூன்று மாதம் நிற்கப் போகிறது என்றால் தொட்டியையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுவது நல்லது. ஓட்டை விழுந்த பெட்ரோல் தொட்டியை, எத்தனை வருடம் காலியாகக் கிடந்தாலும், வீட்டில் வெல்டிங் வைக்காதீர்கள். மிச்சமிருக்கும் ஆவி போதும்.

வயரிங்கில் லூகாஸ் நிறுவனத்தின் நிறக்கணக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது; வெள்ளை சாவி திருப்பினால் வருவது; பச்சை சாவிக்குப் பின் ஃப்யூஸ் வழியாக வருவது; கறுப்பு எர்த். ஃப்யூஸ்கள் போதாது என்பதால் கூடுதலாகப் போட்டு, ஹெட்லைட்டுக்கு ரிலே வையுங்கள். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடுவது எங்கள் கருத்தில் மிக உபயோகமான மேம்பாடு. பாடி பகுதியிலேயே, கார் மின்சாமான் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் ஆலை இருக்கும் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் அக்கால வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை எர்த்தாக இருக்கக்கூடும். பார்க்காமல் மாட்டினால் ஆல்டர்னேட்டர் டயோடுகள் அந்த நொடியே எரியும். கழற்றிய டைனமோவையும் ரெகுலேட்டரையும் எடை போட்டு விற்காமல் எண்ணெய் தடவிக் கட்டி வையுங்கள்.

பின்பக்கம் பற்றிச் சுருக்கமாக. பட்டை ஸ்பிரிங் குறுக்கே கிடக்க, ஒவ்வொரு சக்கரமும் தனியாக மேலும் கீழும் ஆடும் ஊஞ்சல் அச்சு இது. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் வெளிச் சக்கரம் உள்ளே மடியும். அகல டயர் போட்டால் இது சரியாகாது, மோசமாகும். பழைய 5.20-13 அளவு டயருக்கு இணையாக 145/80 அளவில் 13 அங்குல ரேடியல் போதும்.

இதெல்லாம் முடிந்த பிறகு சேஸிஸின் பக்கவாட்டுக் கைகளையும் டிஃபரென்ஷியலைச் சுற்றியுள்ள பகுதியையும் சுத்தியலால் தட்டிப் பார்த்து, மக்கியதை வெட்டி ஒட்டுங்கள். துருவின்மேல் பட்டி பூசினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பெயின்ட் அதற்கும் பிறகு.

நண்பர்கள் விஷயத்தில் ஒரே ஒரு கண்டிப்பு: இறுக்கியவரே சரிபார்க்கக் கூடாது. ஒருவர் இறுக்க, வேறொருவர் இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் சோதித்து நட்டின்மேல் பெயின்டால் கோடு போடட்டும். கோடு இல்லாத நட்டு இறுக்காத நட்டு. கழற்றிய போல்ட்டுகள் பெயரெழுதிய பைகளில் போகட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க யாரையும் விடாதீர்கள், ஸ்டாண்ட் இரண்டு வாங்க ஆகும் செலவு ஒரு பிரியாணி விருந்துக்கு ஆகாது. சாமான் தேடிப் புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும் போகிறவர் பழைய சாமானைக் கையோடு கொண்டுபோகட்டும். போட்டோவைக் காட்டி வாங்கியது பாதி நேரம் பொருந்தாது.

இறுதியாகப் போக்குவரத்துத் துறையின் கவனத்துக்கு ஒன்று. ஐம்பது வயதைக் கடந்த சொந்த உபயோக வண்டிகளை வின்டேஜ் என்று பதிவுசெய்ய 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். சேஸிஸ், உடல், எஞ்சினில் மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. டீசல் எஞ்சின் ஏற்றிய வண்டிகளை ஒதுக்க இது சரியான விதி. ஆனால் மக்கிய சேஸிஸ் கையை அதே அளவில், அதே கனத் தகட்டில் செய்து ஒட்டினால் அது மாற்றமா, பழுதுபார்ப்பா? வால்வு இருக்கை வளையம்? ஆல்டர்னேட்டர்? வண்டியைப் பார்க்கும் குழு எதை ஏற்கும், எதை ஏற்காது என்று தமிழில் ஒரு பக்கப் பட்டியலை எல்லா ஆர்.டி.ஓ. அலுவலகங்களிலும் ஒட்டினால் போதும். அது தெரியாததால், நிராகரித்துவிடுவார்களோ என்று பயந்து, மக்கிய சேஸிஸைத் தொடாமல் மேலே பெயின்ட் மட்டும் அடித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

இப்படிக்கு,
பழைய கார் வேலையில் ஈடுபட்டுள்ள வாசகர்கள் சிலர்,
மேற்கு தாம்பரம், சென்னை