வாசல் காவலருக்கு உரிமம், அம்மாவைத் தூக்குபவருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இருக்கும் காவலாளியை அனுப்பிய நிறுவனம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். 2005-இல் வந்த தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி அது கட்டாயம். அந்தச் சட்டத்துக்கான மத்திய மாதிரி விதிகளில், காவலாளிக்கு 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி என்று கணக்கே எழுதி வைத்திருக்கிறார்கள். சரி, இரண்டாவது மாடியில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் அம்மாவைக் குளிப்பாட்டி, மூக்கில் போட்டிருக்கும் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றி, ராத்திரியும் பகலும் பக்கத்திலேயே இருக்கிற பெண்ணை அனுப்புகிற ஏஜென்சிக்கு என்ன பதிவு இருக்கிறது? இந்த ஒன்றரை வருஷத்தில் திருச்சியில் நான்கு ஏஜென்சிகளிடம் கேட்டுவிட்டேன். ஒருவர் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தார். ஒருவர் கடைப் பதிவுச் சான்றிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மற்ற இருவரும், "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லையே மேடம்" என்றார்கள்.

அம்மாவுக்கு 76 வயது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பேச்சு போனதுதான் இந்தக் கடிதத்தில் முக்கியமான விஷயம். வலித்தால் சொல்ல முடியாது, பசித்தால் சொல்ல முடியாது, யாராவது கடுமையாக நடந்துகொண்டாலும் சொல்ல முடியாது. நான் காலை ஒன்பது மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் திரும்பி வர ஆறரை ஆகும். இடைப்பட்ட நேரத்தில் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வருவது, பார்த்துக்கொள்கிற பெண் சொன்னால்தான்.

முதலில் வந்த பெண்ணை "நர்ஸ்" என்றுதான் அனுப்பினார்கள். வெள்ளைக் கோட்டும் போட்டிருந்தார். நர்ஸ் என்றால் அதற்கென்று படித்து, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தவர். இந்தப் பெண் மூன்று வாரம் முன்புவரை பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவர் எதையும் மறைக்கவில்லை, கேட்டதும் தானே சொன்னார். ஏஜென்சி ஆபீஸில் இரண்டு நாள் உட்கார வைத்து டயப்பர் மாற்றவும் பிபி மெஷின் போடவும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நான்காவது நாள் அம்மாவை நாற்காலியில் உட்கார வைக்க, செயலிழந்த வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கிவிட்டார். பக்கவாதம் வந்த பக்கத்தில் தோள்மூட்டைப் பிடித்திருக்கும் தசைகள் தளர்ந்துபோயிருக்கும், அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு நழுவும் என்பது பிசியோதெரபி படிக்கிறவர்களுக்குப் பாலபாடம். எங்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை, அந்தப் பெண்ணுக்கும் ஆளில்லை. மறுநாள் தோள் வீங்கிய பிறகுதான் பார்த்தோம். அம்மா ராத்திரி முழுவதும் கண்ணை மூடாமல் கிடந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

ஏஜென்சிக்குப் போன் செய்தேன். "ஆள் மாத்தித் தர்றோம் மேடம்" என்றார்கள். என்ன நடந்தது என்று ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை, எழுதி வைத்துக்கொள்ளவும் இல்லை. அதே வாரத்தில் அந்தப் பெண்ணிடமிருந்தே எனக்குப் போன் வந்தது. "அக்கா, இங்கேயும் ஒரு தாத்தாவுக்குக் கை விழுந்திருக்கு, எப்படித் தூக்கணும்னு உங்களுக்கு டாக்டர் சொல்லியிருப்பாங்களே, எனக்குச் சொல்லித் தாங்க" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு போனில் போய்விட்டது. சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்து வந்தவர் அனுபவம் உள்ளவர், பொறுமைசாலி. ஆனாலும் ஒன்றரை மாதத்தில் அம்மாவுக்கு முதுகுத்தண்டின் அடியில் படுக்கைப் புண் வந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்தவர் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியர். (2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டம் எங்களைப் போன்ற வீடுகளுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதையும் சொல்லியாக வேண்டும்.) தோல் சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுத்து, வெளுத்துத் திரும்பச் சிவக்கிறதா, சிவப்பு அப்படியே நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தமாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், குழாயில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடித்ததும் படுக்கையைத் தாழ்த்திவிடக் கூடாது, உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும் என்றார். மொத்தமே இருபது நிமிஷம்தான் ஆனது. அந்த இருபது நிமிஷத்தை அதுவரை எந்த ஏஜென்சியும் எங்களுக்கோ தங்கள் ஊழியருக்கோ கொடுக்கவில்லை.

ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் ராத்திரி பத்து மணிக்குப் பிறகு விடிவதற்குள் நான்கு தடவை எழுந்திருக்க வேண்டும். பகலெல்லாம் வேலை செய்த ஒரே பெண், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, மாதம் முப்பது நாளும் அப்படி எழுந்திருக்க முடியுமா? "24 மணி நேர ஆள்" என்று ஏஜென்சிகள் விளம்பரம் போடுவதும், நாம் அதை ஒத்துக்கொண்டு பணம் கட்டுவதும் எனக்கு இப்போது பெரிய தப்பாகத் தெரிகிறது. நான் மாதம் 27,000 ரூபாய் கட்டினேன், அவர் கைக்குப் போனது 16,000. வார விடுப்பு கிடையாது. லீவு கேட்டால் மாற்று ஆள் வரும்வரை போகக் கூடாது. தூங்காத மனுஷியிடம் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது, அதனால் பார்த்துக்கொள்கிறவரின் ஓய்வும் சம்பளமும் நோயாளியின் பாதுகாப்போடு சேர்ந்த விஷயம்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு அம்மாவின் புண் தேவைப்பட்டது என்பது மனதை இன்னமும் அறுக்கிறது.

இப்படியொரு ஒழுங்குமுறை வேண்டும் என்று யாருமே யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத் திருத்த மசோதாவில், வீட்டுக்கு வந்து பராமரிப்பு தரும் நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வகுக்கப்படும் என்றெல்லாம் இருந்தது. நிலைக்குழுவுக்குப் போனது, அறிக்கையும் வந்தது, 2024-இல் மக்களவை கலைந்ததோடு மசோதாவும் காலாவதியாகிவிட்டது. மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பில் 2021-இலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்து நாம்தான். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இன்னொரு மசோதா டெல்லியிலிருந்து வரும் என்று இவர்கள் எல்லாரும் காத்திருக்க முடியாது, மாநில அரசு தன் அதிகாரத்துக்குள் உடனே செய்யக்கூடியதைச் செய்ய வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஏஜென்சி நடத்துகிறவர் மாவட்ட சுகாதாரத் துறையில் பதிவு செய்து, அந்த எண்ணை ரசீதில் அச்சடிக்கட்டும். நர்ஸ் அல்லாதவரை நர்ஸ் என்று சொல்லி அனுப்பினால் அபராதம் போடட்டும். நோயாளியை வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான ஹோம் ஹெல்த் எய்டு என்ற பயிற்சியே மத்திய அரசின் திறன் மேம்பாட்டு அமைப்பில் இருக்கிறது, அதையோ அதற்குச் சமமான ஒன்றையோ முடித்தவரை மட்டும் படுத்த படுக்கையாக இருப்பவர்களிடம் அனுப்பச் சொல்லலாம். விழுந்தது, அடிபட்டது, புண் வந்தது எல்லாவற்றையும் ஏஜென்சி எழுத்தில் பதிய வேண்டும். அப்புறம், மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் ஏற்கெனவே இந்த வீடுகளுக்குள் போகிறார்கள். எந்த ஏஜென்சி ஆள் இருக்கும் வீட்டில் திரும்பத் திரும்பப் புண் வருகிறது என்று அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள், அதைக் குறித்துக்கொள்ள அவர்கள் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தால் தனியாக ஆய்வாளர் படை எதுவும் தேவைப்படாது.

இதெல்லாம் செய்தால் கட்டணம் ஏறிவிடும் என்று ஏஜென்சிக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். ஏறலாம், எங்களுக்கும் அது பாரம்தான். ஆனால் தோள் நழுவியதற்கும் புண்ணுக்கும் சேர்த்து ஆஸ்பத்திரிக்கு நாங்கள் கொடுத்தது ஐந்து மாதக் கட்டணத்தைத் தாண்டிவிட்டது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று சிலர் கேட்டார்கள். போகலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி கொடுக்கிறது. ஆனால் நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டு வாய்தாவுக்கு அலைய யாருக்கு முடியும்? அதோடு, ஆணையம் எனக்கு இழப்பீடு வாங்கித் தரலாம், அடுத்த வீட்டுத் தாத்தாவின் தோளைக் காப்பாற்றாது.

இப்போது எங்களோடு இருப்பவர் அரியலூர்ப் பக்கத்துப் பெண். அம்மாவின் முகத்தைப் பார்த்தே தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா என்று சொல்லிவிடுகிறார். ஒரு நோட்டுப் போட்டு, எத்தனை மணிக்குப் புரட்டினோம், என்ன கொடுத்தோம் என்று இரண்டு பேரும் எழுதுகிறோம், ராத்திரி இரண்டு முறை நான் எழுந்துகொள்கிறேன். அடுத்த வாரம் அவர் தங்கை கல்யாணத்துக்கு நான்கு நாள் ஊருக்குப் போகிறார். மாற்று ஆள் அனுப்புவதாக ஏஜென்சி சொல்லியிருக்கிறது. அவருக்கு என்ன பயிற்சி உண்டு என்று கேட்டேன். "வந்ததும் நீங்களே கேட்டுக்குங்க மேடம்" என்றார்கள். நான்கு நாளும் லீவு போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி.